பொருள்: ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவரிடமே இருந்தால்: 'உடனுறை' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆட்டிசமும் ஏடிஎச்டியும் (கவனக்குறைவு, மிகைத் துடிப்பு நிலை) ஒருவரிடமே சேர்ந்திருப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்வைக்கப்பட்ட 'இணைநோய்' என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. கொரோனா நாட்களில் தினசரி அறிக்கையில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்தான். சர்க்கரை நோயாளிக்குத் தொற்றும் வந்தால் அது பொருந்தும். இங்கே இரண்டுமே நோய் இல்லை, மூளை வளரும் விதம். மேலும், 'இணை' என்றதும் ஒன்று முதன்மை, மற்றது ஒட்டு என்று ஆகிவிடுகிறது. 'இருமை நிலை'யும் வேண்டாம். 'இருமுனை' என்பதை ஏற்கெனவே பைபோலார் என்னும் மனநிலைக் கோளாறுக்கு வழங்குகிறோம், குழப்பும்.

என் அக்கா மகனின் பென்சில் டப்பாவைச் சொல்கிறேன். பென்சில்கள் உயர வரிசையில்தான் இருக்க வேண்டும். யாராவது ஒன்றை மாற்றி வைத்தால் அன்று மாலை முழுக்க அழுகை. அதே டப்பாவைப் பாதி நாள் பள்ளியிலேயே விட்டுவிட்டு வருவான். "இவ்வளவு ஒழுங்கு பார்க்கிற பையனுக்குக் கவனக்குறைவு எப்படி இருக்கும்?" என்று கேட்டார் அவனுடைய ஆசிரியர். அவனிடம் இரண்டும் இருக்கின்றன: ஆட்டிசம் மாறாத வழக்கத்தைக் கேட்கிறது, ஏடிஎச்டி அதே வழக்கத்தில் சலித்துப்போகிறது. ஒன்று மற்றதை மறைக்கவும் செய்கிறது. நாம் தேடும் சொல்லில் இந்தச் சேர்ந்து வாழ்தல் தெரிய வேண்டும்.

மருத்துவ உலகமே இதைத் தாமதமாகத்தான் ஏற்றது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின் நான்காம் பதிப்பான டிஎஸ்எம்-4 இருந்தவரை, ஆட்டிசம் என்று முடிவானவருக்கு ஏடிஎச்டியையும் சேர்த்து எழுத விதி இடம் தரவில்லை. 2013 மே மாதம் டிஎஸ்எம்-5 வந்துதான் அந்தத் தடை நீங்கியது. அதற்கு முன் குழந்தைகளாக இருந்தவர்கள் பலர் ஒற்றைப் பெயரோடு வளர்ந்துவிட்டார்கள்.

சரி, என் பரிந்துரை: 'உடனுறை'. 'கற்பகாம்பாள் உடனுறை கபாலீசுவரர்' என்று படித்துப் பழகிய மயிலாப்பூர்க்காரர்களுக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. கோயில் சாயல் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். உறைதல் என்றால் வாழ்தல், அவ்வளவுதான். வினையாகவும் வளைகிறது: 'இவருக்கு ஆட்டிசத்துடன் ஏடிஎச்டியும் உடனுறைகிறது.' 'உடனுறை நிலைகள் உண்டா என்று பார்த்தீர்களா?' என்று மருத்துவரிடம் இயல்பாகக் கேட்கலாம்.

இரண்டையும் ஒட்டி 'ஆடிஎச்டி' என்று ஒரே சொல்லாக்குவது பேச்சுக்கு நன்றாக இருக்கும். ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, ஏடிஎச்டி இல்லை. சான்றிதழுக்கு அலையும் பெற்றோரின் தாளில் ஆட்டிசம் என்ற பெயர் தனியாகத் தெரிந்தாக வேண்டும். அதனால் எழுத்தில் 'ஆட்டிசம்–ஏடிஎச்டி உடனுறை நிலை' என்றே வைப்போம்.

அப்புறம், ஆட்டிசத்தை ஆட்டிசம் என்றே விடுவோம். சென்னையில் பெற்றோர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவரை 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்பது தவறு மட்டுமல்ல, அநியாயமும்கூட. சுற்றியிருக்கும் ஒவ்வொரு சத்தத்தையும் வாங்கித் தவிக்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரா?

ஆளைக் குறிக்கும் சொல்தான் இன்னும் அமையவில்லை. 'உடனுறையர்' ஒட்டவில்லை, 'உடனுறை நிலை கொண்டவர்' நீளம். குழுவில் இந்த நிலையோடு வாழ்பவர்கள் தங்களை எப்படி அழைக்க விரும்புகிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள். மற்றவர்கள் அதன் பிறகு பேசலாம்.