ஊரில் சைட் விழுந்துவிட்டது, நான் ஜெர்மனியில்: லாக்கில் எதைப் பார்ப்பது?

முதலமடைக்காரன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரம். வேலை கிடைத்து ஜெர்மனி வந்து இன்னும் நிரந்தர வீடு அமையவில்லை. ஊரில் அப்பாவும் தம்பியும் ஆன்லைனில் மாம்பழம் விற்கிறார்கள். சைட் நான் போட்டுக் கொடுத்தது. காலை ஏழு மணியிலிருந்து சைட் திறக்கவில்லை என்று தம்பி போனில் அழுகிறான். சர்வரில் நடப்பதைப் பதியும் லாக்கைத் திறந்தால் 'ஃபெயில்ட் பாஸ்வேர்ட்' என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. ரூட், அட்மின், டெஸ்ட் என்று எவனெவனோ முயன்றிருக்கிறான். ஹேக் ஆகிவிட்டதா? ஜனவரியிலேயே காய் வருவதுதான் எங்கள் பாலக்காட்டு முதலமடையின் பலமே, இந்த வாரம் போனால் வியாபாரம் போச்சு. ஹோஸ்டிங் பேனலுக்குள்ளும் போக முடியவில்லை, ஓடிபி இந்திய நம்பருக்குப் போகிறது. யாராவது சொல்லுங்கள்.

நகரி தறி:
தம்பி, சர்வரை விடுங்கள், முதலில் சிம்மைப் பாருங்கள். இந்திய சிம்மில் ரோமிங் போடாமல் விமானம் ஏறினால் பேங்க், பிஎஃப், ஆதார் எல்லாமே அடைபடும். நான் வந்த புதிதில் ஊரில் கரண்ட் பில் கட்டக்கூட மச்சானிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அவர் தறிச் சத்தத்தில் போனே எடுக்க மாட்டார். ரோமிங்கை இங்கிருந்தே ஆப்பில் போட முடிகிறதா பாருங்கள், இல்லையென்றால் வீட்டில் யாரையாவது கடைக்கு அனுப்புங்கள்.

செங்கோட்டை அக்கா:
தம்பி, அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, முடித்துவிட்டீர்களா? குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அது இல்லாமல் வரி எண் வராது, சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள். அப்புறம் ஒன்று, ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து அந்த சர்வருக்குள் போகாதீர்கள். உங்கள் கம்பெனியிலும் ஒருவர் லாக் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். ப்ரோபட்சைட், அதாவது தகுதிகாண் காலத்தில் இருக்கும்போது அவருக்கு விளக்கம் எழுதும் நிலை வேண்டாம்.

குமுளி எல்லை:
வெளிநாட்டு ஐபி அத்தனையையும் தடுத்துவிடுங்கள். சர்வரை ஃபார்மட் அடித்து மறுபடி போடுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்து புகார் கொடுங்கள். ஒரு மணி நேர வேலை.

வேலந்தாவளம்:
வெளிநாட்டு ஐபியை எல்லாம் தடுத்தால் இவரே வெளியே நிற்பார் ஐயா, இவர் இருப்பது ஜெர்மனியில். 1930 பணம் பறிபோனவர்களுக்கு. ஃபார்மட் அடித்தால் என்ன நடந்தது என்பதே தெரியாமல் போகும். இணையத்தில் 22ஆம் போர்ட்டை (தொலைவிலிருந்து உள்ளே போகும் எஸ்எஸ்ஹெச் வாசல்) திறந்து வைத்த எந்த மெஷினிலும் அந்த ஃபெயில்ட் வரிகள் ராத்திரி பகலாக வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சைட்டுக்கு வந்த கோரிக்கைகளில் 200 ('வெற்றி') என்று வந்த வரிகளை மட்டும் பாருங்கள், அதுதான் உள்ளே போன கணக்கு.

குமுளி எல்லை:
பயப்பட வேண்டாம் என்று சொல்லிச் சொல்லித்தான் எல்லாம் கெட்டது. 2024 ஜூலையில் ஓபன்எஸ்எஸ்ஹெச் ஓட்டை ஒன்று வந்ததே, அதில் ஃபெயில்ட் என்றே வராது. 'டைம்அவுட் பிஃபோர் ஆதென்டிகேஷன்' என்றுதான் குவியும். உங்கள் ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8க்குக் கீழே இருந்தால் உங்கள் லினக்ஸ் டிஸ்ட்ரோ அந்த ஓட்டையை அடைத்துவிட்டதா என்று பாருங்கள்.

நகரி தறி:
யாராவது இவருக்கு வீடு சொல்லுங்களேன். இங்கே சமையலறை இல்லாத வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள். சிங்க் முதல் அடுப்பு வரை நாமே வாங்க வேண்டும். எங்கள் பாட்டி கேட்டால் அதை வீடு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

வேலந்தாவளம்:
வீடு பரவாயில்லை, பெயர்தான் தொல்லை. இனிஷியலை விரித்தால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. ஆபீஸில் எல்லோரும் என்னை அப்பா பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் இருந்தபோது கோயம்புத்தூர்காரனுக்கு நான் மலையாளி, பாலக்காட்டுக்காரனுக்குப் பாண்டிக்காரன். இங்கே வந்தால் நான் எங்கள் அப்பா.

செங்கோட்டை அக்கா:
உங்களுக்காவது ஒரு பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

குப்பம் பாசஞ்சர்:
அந்தப் பையன் கேட்டது வேறு, இங்கே ஓடுவது வேறு. தம்பி, நான்கு விஷயம் சொல்லுங்கள், அதற்கு அப்புறம்தான் பேச முடியும். உங்களுக்கென்றே ஒதுக்கிய விபிஎஸ் சர்வரா, பலரோடு பங்கிட்ட ஹோஸ்டிங்கா? எதில் கட்டிய சைட்? திறந்தால் திரையில் என்ன வருகிறது? சர்வருக்கு முன்னால் நின்று தாக்குதலை வடிகட்டும் கிளவுட்ஃப்ளேர் மாதிரி ஏதாவது இருக்கிறதா?

முதலமடைக்காரன்:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் எழுதவில்லை. 1 ஜிபி ரேம் விபிஎஸ், உபுண்டு லினக்ஸ், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், வேர்ட்பிரஸில் கட்டிய சைட். முன்னால் எதுவும் இல்லை. டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை என்று திரையில் வருகிறது. என் சொந்த லேப்டாப்பிலிருந்து சாவிக் கோப்பு போட்டு எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே போக முடிகிறது. லாக்கில் 7:00 மணியைத் தேடினேன், அங்கே எதுவுமே இல்லை.

குப்பம் பாசஞ்சர்:
எதுவும் இருக்காது. சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடும். இந்திய நேரம் காலை ஏழு என்றால் லாக்கில் 01:30. உங்கள் கைக்கடிகாரப்படி அப்போது 02:30. மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லினக்ஸின் மையப் பகுதி எழுதும் கெர்னல் லாக்கில் 01:30ஐ ஒட்டிப் பாருங்கள். 'அவுட் ஆஃப் மெமரி, கில்ட் ப்ராசஸ்' என்று வந்து மைஎஸ்கியூஎல் பெயர் இருந்தால், டேட்டாபேஸைக் கொன்றது லினக்ஸ்தான், திருடன் இல்லை. 1 ஜிபியில் இது சகஜம். அப்போது கேள்வி, மெமரியைத் தின்றது யார் என்பது.

அதற்கு அக்செஸ் லாக், சைட்டுக்கு வந்த கோரிக்கைகள் வரி வரியாக விழும் இடம். 01:15 முதல் 01:30 வரை வெட்டி எடுங்கள். முதல் கட்டத்தில் ஐபி, ஏழாவதில் பாதை, ஒன்பதாவதில் ஸ்டேட்டஸ், அதாவது சர்வர் தந்த பதில் எண். ஐபி வாரியாக எண்ணி அதிகமானது மேலே வரும்படி அடுக்குங்கள், அப்புறம் பாதை வாரியாக. நேற்று அதே நேரத்தையும் எடுத்து ஒப்பிடுங்கள், இது முக்கியம். நேற்றைய அளவு தெரியாமல் இன்றைய எண்ணைப் பார்த்து என்ன புரியும்? மாம்பழம் வாங்க வந்தவர் பக்கத்தோடு படம், சிஎஸ்எஸ் எல்லாவற்றையும் இழுப்பார். தாக்க வந்த பாட் ஒரே பாதையை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும்.

அக்செஸ் லாக் அமைதியாக இருந்தால் தாக்குதல் இல்லை என்று எழுந்துவிடாதீர்கள். கோரிக்கை முடிந்த பிறகுதான் அதில் வரி விழும். பாதி கோரிக்கையை அனுப்பிவிட்டு இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும் தாக்குதல் அதில் உடனே தெரியாது. இணைப்புகள் வெள்ளமாகக் குவிவதைச் சொல்லும் 'பாசிபிள் சின் ஃப்ளடிங்', 'கான்ட்ராக் டேபிள் ஃபுல்' போன்றவை கெர்னல் லாக்கில்தான் வரும்.

வேலந்தாவளம் சொன்ன 200 கணக்கு இங்கே செல்லாது. வேர்ட்பிரஸில் பாஸ்வேர்ட் தப்பாகப் போனால் அதே லாகின் பக்கத்தைத் திருப்பிக் காட்டும், அதனால் 200. சரியாகப் போனால் வேறு பக்கத்துக்கு அனுப்பும், 302. ஆகவே லாகின் பாதைக்கு வந்த போஸ்ட்களில் (தகவலை அனுப்பும் கோரிக்கைகள்) 302ஐத் தேடுங்கள். சர்வருக்குள் நுழைந்தவர்களைப் பதியும் ஆத் லாக்கில் 'ஃபெயில்ட்' வேண்டாம், 'அக்செப்டட்' பாருங்கள். படங்கள் ஏற்றும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி நிரல் கோப்பு இருக்கக் கூடாது. ரகசியக் கோப்பையோ ஓட்டையையோ தேடி டாட் ஈஎன்வி, ஜேஎன்டிஐ என்று வரும் தட்டல்களுக்கு 404 ('இல்லை') கிடைத்திருந்தால் தாண்டிப் போங்கள். 2021 டிசம்பரில் வெளிவந்த ஜாவா ஓட்டையான லாக்4ஷெல்லின் தட்டல் பிஎச்பி சைட்டுக்கும் வரும், எதிரே என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட்டா தட்டுகிறார்கள்?

முதலமடைக்காரன்:
அக்கா, 01:28இல் அவுட் ஆஃப் மெமரி இருக்கிறது, மைஎஸ்கியூஎல்தான். அதற்கு முன்னால் நான்கைந்து ஐபியிலிருந்து வேர்ட்பிரஸை வெளியிலிருந்து இயக்க உதவும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி பாதைக்கு போஸ்ட், நிறுத்தாமல். நேற்று அந்தப் பாதையே லாக்கில் இல்லை. அக்செப்டட் எல்லாம் என் சாவிதான். அப்லோட்ஸில் பிஎச்பி எதுவும் இல்லை. ஆனால் நேற்று 17:10க்கு லாகினில் ஒரு 302 இருக்கிறது, ஐபி எனக்குத் தெரியாதது.

குப்பம் பாசஞ்சர்:
17:10 என்றால் ஊரில் இரவு 10:40. தம்பி அப்போது விலை மாற்றினானா, எந்த நெட்டில் இருந்தான் என்று கேளுங்கள்.

முதலமடைக்காரன்:
கேட்டேன். மறுநாள் விலையைப் போட மொபைல் டேட்டாவில் உள்ளே போனானாம். ஐபியைத் தேடினால் அந்த மொபைல் கம்பெனியுடையதுதான்.

குப்பம் பாசஞ்சர்:
நேரமும் பொருந்துகிறது. இருந்தாலும் அவன் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது வரிசை முக்கியம். முதலில் லாக்குகளை உங்கள் லேப்டாப்புக்கு நகல் எடுங்கள். உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் லாக் தினமும் சுழலும், 14 நாளுக்கு மேல் நிற்காது. அப்புறம் என்ஜின்எக்ஸில் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி பாதையை மூடுங்கள், அதற்குப் பிறகு டேட்டாபேஸை ஏற்றுங்கள். மாற்றிச் செய்தால் பத்து நிமிடத்தில் மறுபடி விழும். லாகின் பாதைக்கு நிமிடத்துக்கு இத்தனை என்று வரம்பு போடுங்கள். எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டையே நிறுத்திவிட்டால் அந்த ஃபெயில்ட் கூட்டம் வெறும் சத்தம்தான்.

தப்பு முயற்சி செய்யும் ஐபியைத் தானே தடுக்கும் ஃபெயில்2பான் போட்டால் தடைக் காலத்தை நாள் கணக்கில் நீட்டாதீர்கள். ஊரில் மொபைல் டேட்டாவில் பல பேர் ஒரே ஐபி வழியாக வருவார்கள், ஒருவனைத் தடுத்தால் ஒரு தெரு வாடிக்கையாளர்களும் சேர்ந்து போவார்கள். இயல்பாக அதில் இருக்கும் பத்து நிமிடமே போதும். பிற்பாடு கிளவுட்ஃப்ளேர் வைத்தால் உண்மையான ஐபி லாக்கில் விழும்படி என்ஜின்எக்ஸைத் திருத்திவிட்டு வையுங்கள், இல்லையென்றால் ஃபெயில்2பான் கிளவுட்ஃப்ளேரையே தடுத்துவிடும்.

குமுளி எல்லை:
ரேமையும் 2 ஜிபி ஆக்குங்கள்.

குப்பம் பாசஞ்சர்:
அது பேனலுக்குள் போனால்தானே.