உட்சாளர முறை: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

ஒரு பெரிய சாளரத்துக்குள் பல ஆவணங்களைத் தனித்தனிச் சிறு சாளரங்களாகத் திறந்து வைத்து வேலை செய்யும் அமைப்பை ஆங்கிலத்தில் மல்டிபிள் டாக்குமெண்ட் இன்டர்ஃபேஸ் என்றும், சுருக்கமாக எம்.டி.ஐ. என்றும் சொல்கிறார்கள். இதற்குப் 'பல்லாவண இடைமுகம்' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. சொல்லாக்கத்தில் குறை ஏதும் இல்லை. 'பல்லூடகம்' பிறந்த வழியிலேயே இதுவும் பிறந்திருக்கிறது, ஒலியும் நன்றாக இருக்கிறது. ஆயினும் அது எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு அமைப்பின் இயல்பைச் சொல்லாமல் விடுவதால், அதை முதன்மைச் சொல்லாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இயல்பு எது என்பதை ஒரு பழைய மென்பொருளை வைத்துப் பார்க்கலாம். 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0இன் முகப்பாக இருந்த புரோகிராம் மேனேஜரில், படவுருக்களைத் தாங்கிய குழுச் சாளரங்கள் எல்லாம் அதன் எல்லைக்குள்ளேயே திறந்தன. எவ்வளவு இழுத்தாலும் அவை வெளியே வரமாட்டா; விளிம்பைத் தாண்டிய பகுதி வெட்டுண்டதுபோல் மறைந்துவிடும்; சிறிதாக்கினால் திரையின் அடியில் அன்றி அந்தப் பெரிய சாளரத்தின் அடியிலேயே படவுருவாக ஒதுங்கும். இந்த அமைப்பில் உள்ளே இருக்கும் சாளரத்துக்குத் தனக்கென்று கட்டளைப் பட்டி (மெனு) கிடையாது. வெளிச்சாளரத்தின் பட்டியே, எந்த ஆவணம் முன்னால் நிற்கிறதோ அதற்கேற்ப மாறிக்கொள்ளும். உட்புறச் சாளரத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கினால் அதன் தலைப்புகூட வெளிச்சாளரத்தின் தலைப்போடு சேர்ந்துவிடும். ஆக, இந்த அமைப்பின் உயிர் 'பல' என்பதில் இல்லை, 'உள்ளே' என்பதில் இருக்கிறது.

எக்செல் 2010, எக்செல் 2013 ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இரண்டிலும் ஒரே நேரத்தில் பத்துப் பணிப்புத்தகங்களைத் திறக்கலாம். முன்னதில் அவை எல்லாம் ஒரே வெளிச்சாளரத்துக்குள் அடங்கியிருந்தன. பின்னதில் ஒவ்வொன்றும் தன் சொந்தச் சாளரத்தோடு தனியே நிற்கிறது. ஆவணங்களின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் இரண்டுமே பல்லாவணம்தான். கீற்றுகளில் (டேப்) பக்கங்களைத் திறக்கும் உலாவியும் பல்லாவணம்தான். மூன்றுக்கும் பொருந்தும் ஒரு பெயர், அவற்றில் ஒன்றை மட்டும் பிரித்துக் காட்ட எப்படி உதவும்? இந்தக் குழப்பம் ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது. அதை நாமும் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இதைச் சொல்விருப்பம் சார்ந்த சின்ன விவகாரமாக நான் கருதாததற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வகை மென்பொருள் ஒன்றின் உதவிப் பக்கங்களைத் தமிழில் திருத்திக்கொண்டிருந்தபோது, 'சாளரத்தை மூடவும்' என்ற ஒரே வாக்கியம் இரண்டு வேறு செயல்களுக்கு எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். ஒன்று கன்ட்ரோல் விசையோடு எஃப்4 அழுத்தி முன்னால் உள்ள ஆவணத்தை மட்டும் மூடுவது. மற்றொன்று ஆல்ட் விசையோடு எஃப்4 அழுத்தி மென்பொருளையே முடித்துவிடுவது. படித்துவிட்டுப் பணிந்து நடக்கும் பயனர், ஓர் ஆவணத்தை மூட எண்ணி எல்லாவற்றையும் மூடிவிடுவார். 'உட்சாளரத்தை மூடவும்' என்று ஒரு சொல்லை மாற்றியதும் அந்த இடர் நீங்கியது. அன்றிலிருந்துதான் 'உட்சாளரம்' என்ற சொல்லின்மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

ஆகவே அமைப்புக்கு 'உட்சாளர முறை' என்றும், உள்ளிருக்கும் ஆவணச் சாளரத்துக்கு 'உட்சாளரம்' என்றும், அவற்றைத் தாங்குவதற்குச் 'சட்டகச் சாளரம்' என்றும் முன்மொழிகிறேன். 'இடைமுகம்' என்பதைத் தவிர்த்தது வேண்டுமென்றேதான். பயனர் இடைமுகம், நிரலாக்க இடைமுகம் என்று அந்தச் சொல் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. இங்கே பேசப்படுவது பயனர் இடைமுகத்துக்குள் சாளரங்களை ஒழுங்குபடுத்தும் ஒரு முறை மட்டுமே.

ஆங்கிலத்தின் பேரன்ட், சைல்ட் என்பவற்றை ஒட்டிய தாய்ச்சாளரம், சேய்ச்சாளரம் என்ற இணை அழகானது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. விண்டோஸ் நிரலாக்கத்தில் ஒரு பொத்தானும், ஓர் எழுத்துப் பெட்டியும், ஓர் உருள்பட்டையும்கூட அவற்றைத் தாங்கும் சாளரத்தின் சேய்களே. அந்தப் பொது உறவுக்குத் தாய், சேய் என்ற சொற்களை ஒதுக்கிவிட்டால், 'எல்லா உட்சாளரமும் சேய்ச்சாளரமே, எல்லாச் சேய்ச்சாளரமும் உட்சாளரம் ஆகாது' என்று ஒரே வரியில் பாடம் சொல்லிவிடலாம்.

'பல்சாளரம்' என்றும் ஒரு கருத்து எழுந்தது. 'பல' என்பதன் ஈற்று அகரம் பிற சொல் வரும்போது கெடலாம், நிற்கலாம் என்று நன்னூல் இடம் தருவதால் இலக்கணம் அதைத் தடுக்கவில்லை. இருந்தாலும் புணர்ச்சியில் கவனம் உள்ள ஒருவர் அதைப் 'பற்சாளரம்' என்று எழுதத் தொடங்கினால், படிப்பவருக்குப் பல்லும் பற்பசையும் நினைவுக்கு வரும். எண்ணிக்கையைச் சொல்லும் குறையும் அப்படியே இருக்கிறது.

சட்டகத்துக்கும் உட்சாளரங்களுக்கும் நடுவே இன்னொரு பொருள் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உட்சாளரங்கள் நேரடியாகச் சட்டகத்தில் ஒட்டியிருப்பதில்லை. பட்டியும் கருவிப்பட்டையும் போக எஞ்சிய பரப்பை ஒரு தனிச் சாளரம் நிரப்புகிறது, அதன்மேல்தான் அவை கிடக்கின்றன. விண்டோஸ் இதைக் கிளையன்ட் சாளரம் என்கிறது, ஜாவா மொழியில் சாளரங்களை அமைக்க உதவும் ஸ்விங் என்ற நிரலகம் இதை டெஸ்க்டாப் பேன் என்கிறது, கியூட்டி (Qt) என்ற மற்றொரு நிரலகம் 'ஏரியா' என்று முடித்துக்கொள்கிறது. மூன்று பெயர்களில் எதைப் பெயர்த்தாலும் தெளிவு பிறக்காது. 'களம்' பொருந்தும், ஆனால் இணையப் பெயரைக் குறிக்கும் ஆள்களம் (டொமைன்) என்ற வழக்கில் அது வேறு பொருளில் பழகிவிட்டது. 'முற்றம்' என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டின் எல்லைக்குள்ளேயே இருந்தாலும் அறையாக அடைபடாத திறந்த இடம் அது. பொருள்களை வைக்கலாம், நகர்த்தலாம், அடுக்கலாம். எல்லா உட்சாளரங்களையும் மூடிய பிறகும் சட்டகமும் வெறும் முற்றமும் எஞ்சி நிற்கும் என்று எழுதினால் படம் கண்முன் வருகிறது.

எதிர்நிலையில் உள்ள அமைப்பு, ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு முழுச் சாளரம் தருவது. ஆங்கிலத்தில் சிங்கிள் டாக்குமெண்ட் என்பார்கள். இதற்குத் 'தனிச்சாளர முறை' என்பதே சரி. 'ஒற்றைச்சாளர முறை' என்று எழுதிவிடக் கூடாது. 2012இல் வந்த ஜிம்ப் 2.8 என்ற படத்திருத்த மென்பொருள் சிங்கிள் விண்டோ மோட் என்ற ஒன்றைத் தந்தது. அதுவரை திரையெங்கும் தனித்தனியே சிதறிக் கிடந்த படங்களையும் கருவிப் பெட்டிகளையும் ஒரே சாளரத்துக்குள் கொண்டுவந்தது. அதாவது, ஆங்கிலத்தில் சிங்கிள் என்ற ஒரே சொல் ஏறக்குறைய எதிரெதிரான இரண்டு அமைப்புகளுக்கு நிற்கிறது. தமிழில் 'தனி' என்றால் பிரிந்து நிற்பது, 'ஒற்றை' என்றால் ஒன்றே ஒன்று. ஜிம்ப் தந்ததை ஒற்றைச்சாளரம் என்றும், எக்செல் 2013 பின்பற்றுவதைத் தனிச்சாளரம் என்றும் நாம் குழப்பமின்றிச் சொல்லலாம். கீற்றுகளைக் கொண்ட மூன்றாவது வகைக்குக் 'கீற்று முறை' போதும்.

சாளரப் பட்டியில் உள்ள கட்டளைகளையும் இத்தோடு முடிவு செய்துவிடுவது நல்லது. தலைப்புகள் மட்டும் தெரியுமாறு ஒன்றன்மேல் ஒன்றைச் சற்றே தள்ளி வைப்பதற்குப் 'படியாக அடுக்கு' என்று போடலாம். சாளரங்களை ஒன்றையொன்று மறைக்காமல் பரப்பி வைக்கும் டைல் என்பதில்தான் கவனம் வேண்டும். டைல் ஹாரிசாண்டலி என்ற கட்டளை சாளரங்களை இடமும் வலமுமாக வைக்காது. அகலமாக்கி ஒன்றின்கீழ் ஒன்றாக வைக்கும். 'கிடைமட்டமாகப் பரப்பு' என்று பெயர்த்தால் பயனர் எதிர்பார்ப்பது ஒன்று, நடப்பது வேறொன்று. விண்டோஸ் எக்ஸ்பியின் பணிப்பட்டையில் இருந்த இந்தச் சொற்களை, அடுத்து வந்த விஸ்டா பதிப்பிலேயே ஸ்டேக்டு, சைட் பை சைட் என்று மாற்றிவிட்டார்கள். நாம் முதலிலேயே 'மேல்கீழாகப் பரப்பு', 'பக்கம்பக்கமாகப் பரப்பு' என்று வைத்துவிடலாம்.

ஆங்கிலப் பெயரைத் தேடி வருபவருக்காகப் 'பல்லாவண இடைமுகம்' என்பதைக் கலைச்சொல் பட்டியலின் அகரவரிசையில் வைத்து, 'காண்க: உட்சாளர முறை' என்று காட்டுவதில் எனக்கு மறுப்பு இல்லை. 'முற்றம்' குறித்து மட்டும் நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். ஸ்விங் பயன்படுத்தி எழுதுவோர் அதை டெஸ்க்டாப் பேனுக்கு இட்டு இரண்டு பத்தி எழுதிப் பார்த்து, எங்கேனும் இடறினால் அந்த வாக்கியத்தோடு தெரிவித்தால் மாற்றுச்சொல் தேட வசதியாக இருக்கும்.