உமி, சக்கை: கழிவா, எச்சமா, துரும்பா?

கும்பகோணம், பாலிடெக்னிக் ஆசிரியர்:
குழுவினருக்கு வணக்கம். புழுங்கல் அரிசி ஆலைகளில் பாய்லர் பார்ப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ‘அக்ரோ பிராசசிங் வேஸ்ட்’ வரும் இடமெல்லாம் ‘வேளாண் பதப்படுத்தல் கழிவு’ என்று போட்டிருக்கிறோம். நீளம் ஒருபுறம் இருக்க, உமியைக் கழிவு என்று எழுதவே எனக்கு மனம் வரவில்லை. நூறு கிலோ நெல் அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி விழுகிறது. அந்த உமிதான் பாய்லரில் எரிந்து அடுத்த நெல்லை அவிக்கிறது. நல்ல சொல் ஒன்று சொல்லுங்கள்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, ‘எச்சம்’ போதும். வைக்கோல் வயலெச்சம், உமி ஆலையெச்சம். இந்தப் பிரிவு அவசியம். வைக்கோலை எரித்தால் மாட்டுத் தீவனம் போகிறது. உமியோ நெல்லோடு எப்படியும் ஆலைக்கு வந்துவிடுவது. பெயரெச்சம் ஒரு பெயரைக் கொண்டு முடிவதுபோல ஆலையெச்சமும் ஒரு பயனைக் கொண்டு முடியட்டும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
எச்சம் என்றால் மாணவர்களுக்கு நினைவு வருவது பறவை எச்சம். ‘துரும்பு’ இருக்கிறதே! ‘கரும்பாட்டிக் கட்டி சிறுகாலைக் கொண்டார் துரும்பெழுந்து வேங்கால் துயராண் டுழவார்’ என்பது நாலடியார். வெல்லம் எடுத்தவர் சக்கை எரிவதற்கு வருந்தார். ஆகவே ‘எரிதுரும்பு’. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். துரும்பு, தும்பு, துகள், தூள் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் எண்ணம்.

யாழ்ப்பாணம், பாடநூல் எழுதுபவர்:
ஐயா, எங்கட பக்கம் தும்பு என்றால் தேங்காய்த் தும்புதான். வேர் ஆராய்ச்சியைப் பிறகு பார்ப்பம். ‘சஸ்டெய்னபிள்’ என்பதற்கு என்ன போடுகிறீர்கள்? நாங்கள் ‘பேண்தகு’, ‘நிலைபேறான’ இரண்டையும் எழுதுகிறோம்.

ஈரோடு, பாய்லர் பொறியாளர்:
அம்மா, அந்தச் சொல்லைவிட அது நிற்கப்போகும் வாக்கியம்தான் எனக்குக் கவலை. கையேட்டில் ‘கழிவை எரிப்பதால் இது நீடித்த எரிபொருள்’ என்று இருக்கிறது. கழிவு என்று சொன்னவுடனே அதற்கு வேறு பயன் இல்லை என்று ஆகிவிடுகிறது. கரும்புச் சக்கையைப் பாருங்கள். புகழூர்க் காகித ஆலை சர்க்கரை ஆலைகளிடம் சக்கையை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு எரிபொருளோ நீராவியோ தருகிறது. சக்கை காகிதமானால் சர்க்கரை ஆலை அடுப்புக்கு நிலக்கரி வரலாம். சக்கையை எரித்தால் காகிதத்துக்கு மரம் தேட வேண்டும். எது நல்லது என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். ஒரு பெயரை வைத்து அதை முடித்துவிடக் கூடாது.

உமியிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், பெரும்பாலும் சிலிக்கா. சரியாக எரியாவிட்டால் கரித்தூள் பறந்து பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணியில் படியும். பாய்லர் அறையில் யாரும் எச்சம், துரும்பு என்று பேசுவதில்லை. உமி, சக்கை, கடலைத்தோல், முந்திரி ஓடு என்றுதான் கேட்பார்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
புகையைச் சொன்னீர்கள். பட்டினப்பாலையிலேயே ‘கார்க்கரும்பின் கமழாலைத் தீத்தெறுவின் கவின்வாடி’ வயலில் நெய்தல் பூ வாடுகிறது. ஆலைத்தீ பக்கத்து வயலைக் கெடுக்கும் என்று கண்டு எழுதியவர்கள் நம் முன்னோர். அந்த வரியைக் கையேட்டின் முகப்பில் போடுங்கள்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, பாய்லர் பார்ப்பவருக்கு அது புரிய உரை வேண்டுமே.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
உரை நான் எழுதித் தருகிறேன்.

கும்பகோணம், பாலிடெக்னிக் ஆசிரியர்:
எல்லோருக்கும் நன்றி. கோவை நண்பர் சொன்ன ‘ஆலையெச்சம்’ என்பதையே வைக்கிறேன். முதல் முறை வருமிடத்தில் ‘உமி, சக்கை, கடலைத்தோல் போன்றவை’ என்று சேர்த்துவிடுகிறேன். சாம்பலுக்கு மட்டும் ‘கழிவு’. அதிலும் செங்கல் சூளைக்கும் சிமெண்டுக்கும் போகிற சாம்பலுக்கு அந்தப் பெயர் கிடையாது. ‘நீடித்த எரிபொருள்’ வாக்கியத்தை எடுத்துவிட்டு, ‘வேறு பயன் உண்டா என்று முதலில் பாருங்கள்’ என்று எழுதுகிறேன்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வாக்கியத்தை மாற்றியது சரி. சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது ‘எரிதுரும்பை’ மறுபடி எடுப்பேன்.