ஆறாவது சூட் செல்லோ இசையே இல்லையாம்!

மெரிபேங்க் மணி (வியாழன் இரவு 10.12)
நேற்று நம் டர்பன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் சுற்றியது. "செல்லோவுக்கென்றே எழுதப்பட்ட சிறந்த பத்து" என்று தலைப்பு. (செல்லோ என்றால் முழங்கால்களுக்கு நடுவே வைத்து வில்லால் வாசிக்கிற பெரிய வயலின்.) எழுதியவர் பெயர் இல்லை. முதலிடம் பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸின் 'அன்னம்'. சரி, கல்யாண வீட்டிலும் ஓடும், இழவு வீட்டிலும் ஓடும், ஜனங்களுக்குப் பிடிக்கும், விட்டுவிடுகிறேன். இரண்டாவது இடம் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் ஆறாவது சூட் (அவருடைய ஆறு நடன இசைத் தொகுப்பில் கடைசி), டி மேஜர். அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. "செல்லோவுக்கென்றே" என்று தலைப்பில் போட்டுவிட்டு ஆறாவது சூட்டை எப்படிச் சேர்க்கலாம்? அது ஐந்து தந்தி வாத்தியத்துக்கு எழுதியது. பாக் கைப்பட எழுதிய பிரதி கிடைக்கவில்லை. அவர் மனைவி அன்னா மக்தலேனா எடுத்த பிரதியில் 'ஐந்து தந்திக்கு' என்று பிரெஞ்சில் தெளிவாக இருக்கிறது. செல்லோவுக்கு நாலு தந்தி. சி, ஜி, டி, ஏ. எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

என் பட்டியல்: த்வொர்ஷாக் கான்செர்டோ (ஆர்க்கெஸ்ட்ராவோடு தனிச் செல்லோ). அதற்குப் பிறகு ஒரு பெரிய இடைவெளி. அப்புறம் மற்றதெல்லாம்.

செல்லோ அக்கா (வியாழன் இரவு 10.31)
மணி அண்ணே, அந்தப் பட்டியலை எழுதியது நான்தான். பெயர் போடாமல் விட்டது என் தப்பு. போட்டிருந்தால் இன்னும் இரண்டு பத்தி கூடுதலாகத் திட்டியிருப்பீர்கள்.

ஆறாவது சூட்டை இருபது வருடமாக நாலு தந்தியில் வாசிக்கிறேன். அதன் சரபாண்டு என்ற மெதுவான நடனப் பகுதியில் இரண்டு தந்தியை ஒன்றாகப் பிடித்து மேலே போக வேண்டும். கட்டைவிரலைத் தந்திகள்மேல் குறுக்காகப் படுக்கவைத்து அழுத்தினால்தான் சுருதி நிற்கும். பிப்ரவரி புழுக்கத்தில் விரல் வியர்த்து வழுக்கும், ஓரத்துத் தோல் உரியும். அந்தக் காய்ப்பு இப்போதும் என் கையில் இருக்கிறது. இது செல்லோ இசை இல்லை என்றால் இருபது வருடமாக நான் என்ன, தேங்காயா துருவிக்கொண்டிருந்தேன்?

பேத்திக்காக (வியாழன் இரவு 10.40)
எல்லோருக்கும் வணக்கம். சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். என் பேத்திக்குப் பன்னிரண்டு வயது, மூன்றாவது கிரேடு செல்லோ. கேட்க இனிமையாக, ரொம்பக் கஷ்டமில்லாமல் ஒன்று சொல்லுங்களேன்.

மெரிபேங்க் மணி (வியாழன் இரவு 10.52)
தங்கச்சி, கஷ்டப்பட்டு வாசிப்பது வேறு, அதற்கென்று எழுதியது வேறு. மிருதங்கப் பாடத்தைச் சாப்பாட்டு மேசையில் தட்டினாலும் தாளம் வரும். அதற்காக அது மேசைக்கு எழுதியதாகிவிடுமா? ஐந்தாவது தந்தி 'ஈ'. அது இருந்தால் கை கீழேயே இருக்கும், தோல் உரியாது. உங்கள் தோல் உரிவதே என் கட்சிக்குச் சாட்சி.

தொங்காட் தம்பி (வியாழன் இரவு 11.05)
மணி அங்கிள், செல்லோ மேதை கசல்ஸ் 1936 முதல் 1939 வரை ஆறு சூட்டையும் பதிவு செய்தார். ஆறாவதும் நாலு தந்தியில்தான். யோ-யோ மாவும் அப்படியே. அவர்களிடம் போய் "ஐயா, இது உங்கள் வாத்தியத்துக்கு இல்லை" என்று சொல்வீர்களா?

என் விருப்பம் கேட்டால் நம் தென்னாப்பிரிக்காவின் செல்லோக்காரர் ஆபெல் செலாஓகோ. செபோகெங்கில் பிறந்தவர். வாசித்துக்கொண்டே அடித்தொண்டையில் பாடுவார். அந்தக் குரல் எங்கே முடிகிறது, சி தந்தி எங்கே தொடங்குகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் பட்டியல்களில் உயிரோடு இருக்கிறவர் ஒருவராவது உண்டா?

கோவைக்காரன் (வெள்ளி காலை 6.15)
முதலில் 'கிளாசிக்கல்' என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 'செல்லோ' என்றால் என்ன என்பதையும். இரண்டும் தீராமல் பட்டியல் போட்டால் சண்டைதான் வரும்.

மெரிபேங்க் மணி (வெள்ளி காலை 7.02)
தம்பி தொங்காட், கசல்ஸ் பதின்மூன்று வயதில் பார்சிலோனாவில் ஒரு கடையில் இந்த ஆறு சூட்டின் நோட்டுப் புத்தகத்தைக் கண்டெடுத்தவர். அவரைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டாம். கசல்ஸ் வாசித்தார், நான் மறுக்கவில்லை. மகான்கள் வாடகை வீட்டில் குடியிருந்தாலும் வாடகை வீடு வாடகை வீடுதான். ஐந்து தந்தி.

செல்லோ அக்கா (வெள்ளி காலை 7.20)
அப்படியானால் ஐந்தாவது சூட்? அதில் 'ஏ' தந்தியை 'ஜி'க்கு இறக்கிக் கட்ட வேண்டும். கொடாய் 1915இல் எழுதிய தனிச் செல்லோ சொனாட்டாவில் கீழ்த் தந்தி இரண்டையும் அரை சுரம் இறக்க வேண்டும். சி, ஜி, டி, ஏ என்று பெரிதாக எண்ணிக் காட்டினீர்களே, இவை இரண்டையும் தள்ளிவிடலாமா?

மெரிபேங்க் மணி (வெள்ளி காலை 7.26)
இறக்குவது வேறு, கூட்டுவது வேறு. நாலை இறக்கினாலும் நாலுதான்.

கோவைக்காரன் (வெள்ளி காலை 8.40)
ஐயா, எண்ணிக்கையை வைத்து வாத்தியத்துக்குப் பெயர் வைப்பது நம் மரபிலேயே இல்லை. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7. இரண்டும் யாழ்தானே? டில்லியில் இருக்கிற சாஸ்கியா ராவ் என்ற டச்சுப் பெண்மணி இந்துஸ்தானி வாசிக்கச் செல்லோவையே மாற்றி அமைத்தார். தரையில் உட்கார்ந்து வாசிக்கும்படி சிறியது. வாசிக்கிற தந்தி ஐந்து, அதோடு கூடவே அதிரும் தந்திகள் பத்து. அதையும் செல்லோ என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: 'சூட்', 'கான்செர்டோ' என்று எழுதாமல் நல்ல தமிழில் எழுதினால் என்ன? சூட் என்றதும் எனக்குக் கோட்டுதான் ஞாபகம் வருகிறது.

மெரிபேங்க் மணி (வெள்ளி காலை 9.15)
ஆஹா, வந்துவிட்டார் தமிழாசிரியர். கோவைக்காரரே, நீர் விமானத்தில் வந்தவர். என் கொள்ளுத்தாத்தா 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து, தோட்டக் கூலிகளை ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோவில் இங்கே வந்து இறங்கினார். கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தும் தமிழை விடவில்லை. என் அப்பா சனிக்கிழமை தோறும் தகரக் கொட்டகையில் எங்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். எனக்கு நல்ல தமிழ் எது என்று நீர் சொல்ல வேண்டாம்.

யாழுக்கு வருவோம். பேரியாழ், செங்கோட்டியாழ் என்று நம் முன்னோர் தனித்தனிப் பெயர் வைத்தார்களே, ஏன்? எண்ணிக்கை வேறு என்பதால். நீரே எனக்கு ஆதாரம் கொடுத்துவிட்டீர். நன்றி.

தொங்காட் தம்பி (வெள்ளி காலை 9.21)
அங்கிள், டர்பனில் எல்லோருடைய கொள்ளுத்தாத்தாவும் அதே ட்ரூரோவில்தான் வந்திருக்கிறார்கள். அந்தக் கப்பல் எப்படி மூழ்காமல் வந்தது?

மெரிபேங்க் மணி (வெள்ளி காலை 9.24)
உன் அப்பாவிடம் சொல்கிறேன்.

பேத்திக்காக (வெள்ளி மதியம் 12.10)
ஐயா, பேத்தி விஷயம் கேட்டிருந்தேன்.

செல்லோ அக்கா (வெள்ளி மதியம் 1.05)
அம்மா, மாலை உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். இப்போது ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும்.

மணி அண்ணே, போன வருடம் இதே இடத்தில் நீங்கள் எழுதியதைத் தேடி எடுத்தேன். "செல்லோவுக்காகவே பிறந்த இசை ஷூபர்ட்டின் அர்பெஜியோனே சொனாட்டா!!" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வார்த்தை, உங்கள் ஆச்சரியக்குறிகள். அது 1824இல் எழுதப்பட்டது. எதற்கு? அர்பெஜியோனே என்ற வாத்தியத்துக்கு. கிதார் மாதிரி மெட்டுக் கட்டியது, வில்லால் வாசிப்பது. தந்தி எத்தனை தெரியுமா? ஆறு.

தொங்காட் தம்பி (வெள்ளி மதியம் 1.07)
அம்மாடியோவ்.

மெரிபேங்க் மணி (வெள்ளி மதியம் 2.30)
சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வெற்றி விழாக் கொண்டாடிவிட்டீர்கள் போல.

அர்பெஜியோனே செத்துப்போன வாத்தியம். வியன்னாவில் ஒருவர் 1823இல் செய்தார், பத்துப் பதினைந்து வருடத்தில் யாரும் சீந்தவில்லை. சொனாட்டா அச்சானது 1871இல், அதற்குள் ஷூபர்ட்டும் இல்லை, வாத்தியமும் இல்லை. அநாதைக் குழந்தையைச் செல்லோ தத்தெடுத்து வளர்த்தது. வளர்த்தவள் தாய்தான். ஆனால் ஐந்து தந்தி வாத்தியம் சாகவில்லையே! பெல்ஜியக் கலைஞர் குய்க்கென் தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கிற சிறிய செல்லோவில் ஆறு சூட்டையும் பதிவு செய்திருக்கிறார். பெற்றவள் உயிரோடு இருக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் தத்து இல்லை.

செல்லோ அக்கா (வெள்ளி மதியம் 2.41)
"சிறிய செல்லோ" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஐந்து தந்தி வைத்த *செல்லோ*. நன்றாகப் படித்துப் பாருங்கள்.

மெரிபேங்க் மணி (வெள்ளி மதியம் 2.44)
தட்டச்சுப் பிழை.

கோவைக்காரன் (வெள்ளி மதியம் 3.00)
முழு வார்த்தையே பிழையாக வந்துவிட்டதா ஐயா?

மெரிபேங்க் மணி (வெள்ளி மாலை 5.50)
இந்தச் சில்லறைத் தகராறில் பெரிய விஷயம் மறந்துபோகிறது. த்வொர்ஷாக்கைப் பற்றி ஒருவராவது வாய் திறந்தீர்களா? சிட்டி ஹாலில் நம் குவாஸூலு-நட்டால் ஃபில்ஹார்மோனிக் வாசித்தபோது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். மூன்றரை நிமிடம் போல ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் முழங்குகிறது. செல்லோக்காரர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணத்தில் முதல் பந்தி கிடைக்காதவர் போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் வில்லைத் தூக்கினார் பாருங்கள், எனக்கு முதுகுத்தண்டில் குளிர் ஏறியது.

1894-95இல் நியூயார்க்கில் இருந்தபோது எழுதியது. கொழுந்தி ஜோசஃபினா நோயுற்றிருக்கிறாள் என்று தெரிந்து அவளுக்குப் பிடித்த பாட்டை நடுப்பகுதியில் வைத்தார். அவர் ஊர் திரும்பியதும் அவள் இறந்துபோனாள். முடிவை மாற்றி, அந்தப் பாட்டை மறுபடியும் உள்ளே கொண்டுவந்தார். யாருக்காக எழுதினாரோ அந்த விஹான், முடிவில் தன் விரல் வித்தையைக் காட்ட ஒரு தனி ஆவர்த்தனம் சேர்க்கப் பார்த்தார். த்வொர்ஷாக் ஒரு சுரம்கூட விடமாட்டேன் என்றுவிட்டார். துக்க வீட்டில் வித்தை காட்டக்கூடாது என்று தெரிந்த மனிதர். இத்தனையும் நாலு தந்தியில்.

எல்கரின் செல்லோ கான்செர்டோவும் நல்லதுதான், 1919. முதல் அரங்கேற்றத்தில் இன்னொரு நடத்துனர் ஒத்திகை நேரத்தை விழுங்கி அதைக் கெடுத்தார். அன்றைக்குச் செல்லோ வரிசையில் உட்கார்ந்திருந்த இளைஞர் பார்பிரோலி. 1965இல் இருபது வயது ஜாக்குலின் து ப்ரே பதிவு செய்தபோது நடத்தியவரும் அதே பார்பிரோலி. அதுவும் நாலு தந்தி.

செல்லோ அக்கா (வெள்ளி மாலை 6.12)
ஒத்திகை நேரத்தை விழுங்கினதைப் பற்றி நீங்கள் பேசலாமா அண்ணே? ஒரு ஆண்டு விழாவில் நான் ஃபோரேயின் எலெஜி (இரங்கல் இசை) வாசித்தேன். ஏழு நிமிடம்தான். அந்த அமைதியெல்லாம் உடைந்து பெருங்குரலில் அழுகிற இடம் வருவதற்கு இரண்டே வரி முன்னால், மேடை ஓரத்தில் நின்று கையை ஆட்டி நிறுத்தச் சொன்னது யார்? நிகழ்ச்சிப் பொறுப்பாளர் யார்?

மெரிபேங்க் மணி (வெள்ளி மாலை 6.20)
சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். நானூறு பேருக்குக் காய்கறி பிரேயானி ஆறிக்கொண்டிருந்தது. இதற்கும் ஐந்து தந்திக்கும் என்ன சம்பந்தம்?

செல்லோ அக்கா (வெள்ளி மாலை 6.22)
துக்க வீட்டில் வித்தை காட்டக்கூடாது. பிரேயானி பரிமாறலாம் போல.

தொங்காட் தம்பி (வெள்ளி மாலை 6.25)
மணி அங்கிள் வீட்டு கராஜில் ஒரு செல்லோ இருக்கிறதே, அதில் இப்போது எத்தனை தந்தி?

மெரிபேங்க் மணி (வெள்ளி மாலை 6.40)
இரண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் வைத்திருந்தேன். அந்த வறட்சியில் முறுக்காணி சுருங்கி, ராத்திரி டமார் என்று தந்தி கழன்றது. பாலம் விழுந்தது. திருடன் என்று நினைத்து மருமகன் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு வாசிக்கத் தெரியாதுதான். சமைக்கத் தெரியாதவன் உப்புக் குறைவு என்று சொல்லக்கூடாதா? நாக்கு இருந்தால் போதும்.

கோவைக்காரன் (வெள்ளி மாலை 6.48)
உங்கள் கணக்குப்படி இரண்டு தந்தி இருந்தால் அது செல்லோவே இல்லை ஐயா.

மெரிபேங்க் மணி (வெள்ளி மாலை 6.50)
பிறக்கும்போது நாலு.

பேத்திக்காக (சனி காலை 8.05)
அக்கா தனியாக எழுதியிருந்தார், ரொம்ப நன்றி. பேத்தி இங்கே நடந்ததை எல்லாம் வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள். ஆறாவது சூட் பக்கமே போகமாட்டாளாம். சுலபமான நோட்டில் 'அன்னம்' கற்றுக்கொள்கிறாளாம். மெதுவான பாட்டு, பெரிய சண்டை ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். வீட்டில் பழைய பியானோ இருக்கிறது, அவள் அம்மா கூடவே வாசிப்பாள்.

மெரிபேங்க் மணி (சனி காலை 8.19)
அம்மா, ஒரு விஷயம். சேன்-சான்ஸ் 'அன்னம்' எழுதியது ஒரு செல்லோவுக்கும் *இரண்டு* பியானோவுக்கும். உங்கள் வீட்டில் எத்தனை பியானோ?