வெப்ப முள் நடுவில் நின்றால் எஞ்சின் நலமா?

நெடுஞ்சாலைப் பிரியன்: ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் கடந்த சொகுசு எஸ்யூவிகள் எல்லாம் சூடேறிச் சாகும் என்று இங்கே திரும்பத் திரும்ப எழுதப்படுவது எரிச்சலூட்டுகிறது. என் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) வண்டியில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், அவ்வப்போது குறையும், நானும் ஊற்றிக்கொள்வேன். ஆனால் ஓட்டுநர் முன் எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்ப முள் நடுக்கோட்டை விட்டு ஒருநாளும் அசைந்ததில்லை.

பட்டறைக்காரன்: மூடிய குளிர்விப்பு அமைப்பில் கூலன்ட் காரணமின்றிக் குறையாது. பிஎம்டபிள்யூவின் என்62 வி8 எஞ்சினில், இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே ஓடும் கூலன்ட் குழாயின் சீல் வயதாகிக் கசிவது ஊரறிந்த செய்தி. தொடக்கத்தில் அந்தக் கசிவு தரையில் சொட்டாமல் எஞ்சின் சூட்டிலேயே உலர்ந்துவிடக்கூடும். முள்ளை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

நெடுஞ்சாலைப் பிரியன்: முள் நடுவில் நிற்கிறது என்கிறேன். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்: சொல்கிறேன். பல சொகுசு வண்டிகளில் முள் உண்மையான வெப்பத்தைக் காட்டுவதில்லை. ஓட்டுநர் பதறக் கூடாதென்று, ஒரு பரந்த வெப்ப எல்லை முழுவதும் அது நடுவிலேயே நிற்கும்படி மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. அது நகரும்போது சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் உலோகப் பாகம்) சூட்டில் வளையத் தொடங்கியிருக்கலாம். கூலன்ட் முழுவதும் வடிந்துவிட்டாலோ, வெப்ப உணரி திரவத்தில் மூழ்காமல் வெறும் காற்றில் நின்று, எஞ்சின் அளவு மீறிச் சூடேறும்போதும் குறைவான அளவையே சொல்லக்கூடும்.

மலைப்பாதை: எந்தக் கூலன்ட் ஊற்றுகிறார் என்று யாரும் கேட்கவில்லையே? பச்சையையும் இளஞ்சிவப்பையும் கலந்தால் எல்லாம் கெடும்.

பட்டறைக்காரன்: நிறத்தை வைத்துக் கூலன்ட் வகையை முடிவு செய்ய முடியாது, ஐயா. வேதிச் சேர்க்கையைப் பாருங்கள். முன்பு இங்கே நடந்த டர்போ விவாதத்திலும் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள்.

மலைப்பாதை: அந்த விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லை.

நெடுஞ்சாலைப் பிரியன்: பட்டறை வைத்திருப்பவர்கள் பயமுறுத்தினால்தான் பிழைக்க முடியும். முள் நடுவில் நிற்கிறது.

பட்டறைக்காரன்: என் பிழைப்பை இழுக்க வேண்டாம். வண்டியின் கணினி தரும் அளவுகளைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி உண்மையான வெப்பப் பாகையைப் படியுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு குளிர்விப்பு அமைப்புக்கு அழுத்தம் ஏற்றி, அந்த அழுத்தம் இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டையும் செய்யாமல் முள், முள் என்று எழுதுவது பிடிவாதம்.

நெடுஞ்சாலைப் பிரியன்: அந்த முள்ளை வைத்தது உற்பத்தியாளர். உங்களை விட அவர்களை நம்புகிறேன்.

மலைப்பாதை: டர்போ கேள்வி அப்படியே நிற்கிறது.