பீட்டாவை நம்பி புரொடக்‌ஷன் ஓட்டியவர்கள், உங்கள் கதையையும் சொல்லுங்கள்

யாமல்தாசன்:
கன்டெய்னர்களை ஓட்டும் குபெர்னெட்டிஸில் இன்கிரஸ் 2015லிருந்தே பீட்டாவாகத்தான் இருந்தது, அதாவது இன்னும் மாறக்கூடிய சோதனை நிலையில். பெயருக்குத்தான் பீட்டா, வெளியிலிருந்து கிளஸ்டருக்குள், அதாவது நம் சர்வர் கூட்டத்துக்குள், ஆள் வரும் வாசலாகப் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருந்தோம். நிலையான வி1 வந்தது 1.19ல், 2020 ஆகஸ்டில். ஏறக்குறைய ஒரு வருடத்தில், 1.22ல், பழைய பீட்டா ஏபிஐயை (குபெர்னெட்டிஸ் ஏற்கும் பழைய எழுத்து முறையை) தூக்கிவிட்டார்கள். சொல்லாமல் செய்தார்கள் என்று குறை சொல்ல முடியாது, வார்னிங் வந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் பில்ட் லாகில் வரும் வார்னிங்கை யார் படிக்கிறார்கள்!

இன்கிரஸை எழுதிவைக்கும் யாமல் ஃபைலில் மாற்றம் பெரிய விஷயமில்லை. சர்வீஸ் பெயர் ஒரு படியும் போர்ட் இரண்டு படியும் உள்ளே போயின, யூஆர்எல் பாதையை எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் பாத்டைப் கட்டாயமானது, அவ்வளவுதான். படுத்தி எடுத்தது கிளஸ்டரில் ஆப்களை நிறுவித் தரும் ஹெல்ம். அதன் டெம்ப்ளேட் தொகுப்பான சார்ட்டைத் திருத்தி அப்கிரேட் கொடுத்தால் பழைய ஏபிஐ இல்லை என்று அதே எரர், ஃபைலைத் தேடினால் பீட்டா என்ற சொல்லே அதில் இல்லை. போன ரிலீஸில் கிளஸ்டருக்கு அனுப்பிய முழு யாமலை, அதாவது மேனிஃபெஸ்ட்டை, ஹெல்ம் கிளஸ்டருக்குள்ளேயே ஒரு சீக்ரெட்டாகச் சேமித்து வைத்து, அடுத்த அப்கிரேடில் புதியதோடு ஒப்பிடும். பழைய ஏபிஐ அதற்குள் உட்கார்ந்திருந்தது. மேப்கியூப்ஏபிஐஸ் என்று ஒரு பிளகின் உண்டு, அது அந்த சீக்ரெட்டைத் திருத்தித் தரும். கிளஸ்டரைப் புது வெர்ஷனுக்கு ஏற்றுவதற்கு முன்பே அதை ஓட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இதில் வேடிக்கை, ஓடிக்கொண்டிருந்த சைட் எதுவும் விழவில்லை, புது டிப்ளாய் மட்டும்தான் போகவில்லை. இதை மேனேஜருக்கு விளக்கிப் பாருங்கள்.

ராத்திரி ஷிஃப்ட்:
உங்களுக்கு இன்கிரஸாவது வேறு உருவில் பிழைத்தது. நாங்கள் நம்பியது பாட் செக்யூரிட்டி பாலிசியை, அதாவது பாட் (கன்டெய்னர்கள் ஓடும் சிறு அலகு) எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று கட்டுப்படுத்தும் குபெர்னெட்டிஸ் வசதியை. அது கடைசி வரை பீட்டாவைத் தாண்டவே இல்லை, 1.21ல் கைவிடப்போவதாகச் சொல்லி, 2022 ஆகஸ்டில் வந்த 1.25ல் எடுத்தே விட்டார்கள். மாற்றாக வந்த பாட் செக்யூரிட்டி அட்மிஷனில் மூன்றே நிலைதான், நேம்ஸ்பேஸுக்கு (கிளஸ்டருக்குள் பிரித்து வைத்த பகுதிக்கு) ஒரு லேபிள் ஒட்டினால் முடிந்தது. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் பழையது பாட்டைத் திருத்தவும் செய்யும், எந்த யூசராக ஓட வேண்டும் என்று எழுதாமல் விட்டால் தானே ஒரு எண்ணை நிரப்பிவிடும். புதியது தடுக்க மட்டும்தான் செய்யும். டெவலப்பர்கள் யாரும் அந்த எண்ணைச் சொந்தமாக எழுதியதே இல்லை, இத்தனை நாளாக யாரோ நிரப்புகிறார்கள் என்றே அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் கைவெர்னோ என்ற பாலிசி கருவியில் விதிகளை முதலிலிருந்து எழுதினோம்.

பழைய அட்மின்:
சர்வர், நெட்வொர்க் எல்லாவற்றையும் கோடாக எழுதி உருவாக்கும் டெர்ராஃபார்மில் 1.0க்கு முன்பு வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். 2019ல் 0.12 வந்தபோது எழுதும் முறையே மாறியது, அதற்கென்று ஒரு அப்கிரேட் கட்டளையும் தந்தார்கள், அது பாதி சரிசெய்யும், மீதி நம் தலையில். அதைவிட மோசம், எதையெல்லாம் உருவாக்கியது என்று டெர்ராஃபார்ம் குறித்துவைக்கும் ஸ்டேட் ஃபைல். டீமில் ஒருவர் புது வெர்ஷனில் அப்ளை (மாற்றங்களை நிறைவேற்றும் கட்டளை) கொடுத்துவிட்டால் மற்ற எல்லோரும் அந்த வெர்ஷனுக்கு வந்தே ஆக வேண்டும், பழையது அந்த ஃபைலைத் தொடவே மறுத்துவிடும். 0.14லிருந்துதான் அந்தக் கெடுபிடி தளர்ந்தது. நாங்கள் வெர்ஷனை ரெப்போவிலேயே பூட்டி வைத்தோம், லேப்டாப்பிலிருந்து அப்ளை கொடுப்பதையும் நிறுத்தினோம்.

யாமல்தாசன்:
அப்புறம் ஒன்று, 1.24லிருந்து குபெர்னெட்டிஸில் புதிதாக வரும் பீட்டா ஏபிஐ எதுவும் தானாக ஆன் ஆகாது, வேண்டுமென்றால் நாமே ஆன் செய்துகொள்ள வேண்டும். இதை 2015லேயே செய்திருக்கலாம்.