பழைய ஃபியஸ்டா வாங்கப் போகிறீர்களா? முதலில் பெல்ட் பில்லைக் கேளுங்கள்

யூகேவுக்குப் புதிதாக வந்தவர்கள் கொஞ்ச நாளில் கேட்கிற கேள்வி இது: "நாலாயிரம் பவுண்டுக்குள்ள ஒரு ஃபோர்ட் ஃபியஸ்டா எடுக்கலாமா அண்ணா?" சின்ன ஊர், மணிக்கு ஒரு பஸ், நைட் ஷிஃப்ட் என்றால் கார் இல்லாமல் ஓட்ட முடியாதுதான். 2009 முதல் 2020 வரை ஒவ்வொரு வருஷமும் இங்கே அதிகம் விற்ற கார் ஃபியஸ்டா. 2023 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும் தெருவுக்கு நாலு நிற்கிறது. பார்ட்ஸ் மலிவு, எந்த கராஜிலும் கை வைப்பார்கள்.

எடுக்கலாம். ஆனால் கலர், மைலேஜ், அலாய் வீல் எல்லாம் அப்புறம். எந்த இன்ஜின் என்பதுதான் முதல் கேள்வி.

1.0 ஈகோபூஸ்ட் என்று போட்டிருந்தால் நிதானியுங்கள். மூன்று சிலிண்டர், டர்போ. ஓட்ட அருமையாக இருக்கும், பெட்ரோலும் கம்மி. சிக்கல் டைமிங் பெல்ட்டில், அதாவது இன்ஜினின் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் பெல்ட்டில். சாதாரணமாக ரப்பர் பெல்ட் இன்ஜினுக்கு வெளியே காய்ந்த இடத்தில் ஓடும். இதில் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. இங்கே 'வெட் பெல்ட்' என்பார்கள். ஆயிலை நேரத்துக்கு மாற்றாவிட்டாலோ தப்பான ஆயில் ஊற்றினாலோ ரப்பர் ஊறி உதிரும். உதிர்ந்த துகள் ஆயில் பம்ப்பின் வலையில் போய் அடைக்கும். ஆயில் பிரஷர் விழுந்தால் டர்போ போகும், பேரிங் போகும், கடைசியில் இன்ஜினே இறுகி நின்றுவிடும். பெல்ட் அறாமலேயே இத்தனையும் நடக்கலாம், ஆபத்தே அங்கேதான்.

ஃபோர்ட் சொல்லும் கெடு 10 வருஷம். விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் பலர் எட்டு வருஷத்திலேயே மாற்றச் சொல்வார்கள். நம்பர் பிளேட்டில் 64 என்றிருந்தால் அது 2014 செப்டம்பருக்கும் 2015 பிப்ரவரிக்கும் இடையில் பதிவான வண்டி. நம் பட்ஜெட்டில் வருகிற வண்டிகள் பெரும்பாலும் இந்த வயசுதான். ஆயில் பம்ப்பை ஓட்டும் இன்னொரு பெல்ட்டையும் சேர்த்து மாற்ற வெளி கராஜில் சுமார் 1,000 முதல் 1,500 பவுண்டு, டீலரிடம் இன்னும் கூட. இன்ஜினே போனால் வண்டி வாங்கிய விலையைத் தாண்டிவிடும். பிந்திய மைல்ட் ஹைப்ரிட் (இன்ஜினுக்குச் சின்ன மின்மோட்டார் கைகொடுக்கும்) வண்டிகளில் டைமிங்குக்கு செயின் போட்டார்கள், ஆனால் ஆயில் பம்ப்பை ஓட்டுவது இன்னும் ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்தான்.

"பெல்ட் மாத்தியாச்சு" என்று விற்பவர் சொன்னால் பில்லைக் கையில் வாங்கிப் படியுங்கள். தெரிந்த தம்பி ஒருவனோடு வண்டி பார்க்கப் போனபோது அப்படித்தான் ஒருவர் ஃபைலைத் திறந்து நீட்டினார். பில்லில் பெல்ட் என்று இருந்தது. தொகை 95 பவுண்டு. அது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை ஓட்டும் வெளிப் பெல்ட். டைமிங் பெல்ட்டை அந்தக் காசுக்கு யாரும் தொடக்கூட மாட்டார்கள். ஆயில் பில்லையும் பாருங்கள்: ஃபோர்டின் 948-பி தரத்துக்கான 5டபிள்யூ-20 ஆயில் ஊற்றியிருக்க வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை மட்டும் வரிசையாக இருந்து பில் ஒன்றுகூட இல்லை என்றால் விலையில் ஆயிரத்து இருநூறு குறைத்துக் கேளுங்கள். இறங்கிவராவிட்டால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது "இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையிலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள், ஏதோ கோளாறை மறைக்கவோ என்று சந்தேகப்படுங்கள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் அளவு குறைவா, சுற்றிலும் காய்ந்த கறை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஆரம்பகால ஈகோபூஸ்ட்களில் ஒரு கூலன்ட் குழாய் உடைந்து இன்ஜின் சூடேறிப் போன கதைகள் நிறைய.

1.25 பெட்ரோல்? எனக்கு அதுதான் பிடிக்கும். மோட்டார்வே ஏற்றத்தில் மூச்சு வாங்கும், லாரியை ஓவர்டேக் செய்ய யோசிக்க வேண்டும். ஆனால் பெல்ட் வெளியே காய்ந்த இடத்தில் ஓடுகிறது. மாற்ற 350 முதல் 500 பவுண்டில் முடியும். ஆஸ்பத்திரிக்கும் ஆல்டி கடைக்கும் போய்வர இது போதும்.

மற்றச் செலவெல்லாம் எந்த இன்ஜினுக்கும் பொதுதான். முன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் முறிவது இந்தக் காரில் சகஜம், இங்கத்தைய ரோட்டுக் குழிகளுக்கு நன்றி. ஒரு பக்கத்துக்கு 120 முதல் 200. கிளட்ச் 500 முதல் 800. முன் பிரேக் டிஸ்க்கும் பேடும் 150 முதல் 250. டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியில் கை விடுங்கள்; பின் லைட் ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கித் தேங்கியிருக்கும். பெரிய செலவில்லை, ஆனால் விலை பேச உதவும்.

வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடியது எம்ஓடி ஹிஸ்டரி, அதாவது வண்டியின் வருடாந்திரப் பரிசோதனைப் பதிவு. அரசுத் தளத்தில் நம்பரை அடித்தால் இலவசம். பாஸா ஃபெயிலா என்பதோடு விடாமல் 'அட்வைசரி' (பாஸானாலும் கவனிக்கச் சொல்லும் குறை) வரிகளைப் படியுங்கள். ஒரே துரு, ஒரே ஆயில் கசிவு மூன்று வருஷமாக வந்தால் ஓனர் வண்டிக்குக் காசே செலவழிக்கவில்லை என்று அர்த்தம். மைலேஜ் பின்னோக்கிப் போயிருந்தாலும் அங்கேயே தெரியும். ஃபைனான்ஸ் பாக்கி, கேட் எஸ் (உடல்சட்டமே அடிபட்டது), கேட் என் (மற்ற சேதம்) என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிட்ட பதிவு பார்க்கத் தனியாகக் காசு கட்டிச் செக் பண்ண வேண்டும், கட்டுங்கள்.

ஆட்டோமேட்டிக் பற்றி ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். ஊர் லைசென்ஸ் 12 மாதம்தான் செல்லும். இந்திய, இலங்கை லைசென்ஸை இங்கே மாற்றித் தர மாட்டார்கள், டெஸ்ட் எழுதி ஓட்டிக் காட்டியாக வேண்டும். அதனால் பலரும் ஆட்டோமேட்டிக்கிலேயே பாஸ் பண்ணிவிட்டு மலிவான ஆட்டோ ஃபியஸ்டாவைத் தேடுகிறார்கள். 1.0 ஈகோபூஸ்டில் வந்த பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் வேண்டவே வேண்டாம் தங்கச்சி. மெதுவாகப் போகும்போது உதறும், கிளட்சும் கன்ட்ரோல் யூனிட்டும் போனால் ஆயிரத்துக்கு மேல் பில் வரும். கூட ஆயிரம் போனாலும் டொயோட்டா யாரிஸ், ஹோண்டா ஜாஸ் பாருங்கள்; அவற்றின் பெட்ரோல் இன்ஜினில் செயின். "அப்போ புது வாக்ஸ்ஹால் கோர்சா எடுக்கிறேன்" என்பவர்களுக்கு: 2019 கடைசியில் வந்த மாடலின், ஹைப்ரிட் அல்லாத 1.2 பெட்ரோல் வண்டிகள் பலவற்றிலும் வெட் பெல்ட்தான்.

லண்டன் பக்கம் இருந்தால் பழைய டீசலைத் தொடாதீர்கள். யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிக்குக் கட்டணம் வாங்கும் மண்டலம்) 2023 ஆகஸ்ட் முதல் லண்டனின் எல்லா பரோவுக்கும், அதாவது எல்லா வட்டாரத்துக்கும் உண்டு, யூரோ 6 புகைத் தரம் இல்லாத டீசலுக்கு நாளுக்கு 12.50 பவுண்டு.

தனி ஆளிடம் வாங்கினால் விலை குறைவு, பழுது வந்தால் பெரும்பாலும் உங்கள் பாடு. டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விற்கும்போதே இருந்த பழுது தெரியவந்தால் 30 நாளுக்குள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். விளம்பரத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விற்றதும் தூக்கிவிடுவார்கள். பழைய ஓனர் கட்டிய ரோடு டாக்ஸ் உங்களுக்கு வராது. இன்ஷூரன்ஸும், லாக் புக்கில் (வண்டியின் பதிவுச் சான்று) கிழித்துத் தரும் பச்சைச் சீட்டு நம்பரை வைத்து டாக்ஸும் அங்கே நின்றபடியே போனில் போட்டுவிட்டுச் சாவியைத் திருகுங்கள். போகிற வழியிலேயே இவை இல்லாத வண்டியைப் பிடிக்கும் கேமரா இருக்கும்.